குளோரோபாரமும் இருதயமும்

வலியை மறக்கச் செய்யும் மருந்து இருதயத்தையும் நிறுத்திவிடுமோ என்னும் அச்சம், மயக்க மருந்துகள் தோன்றிய நாளிலேயே தோன்றிவிட்டது.

எடின்பரோ நகரத்து மருத்துவர் சிம்சன் 1847-ஆம் ஆண்டு நவம்பரில் குளோரோபாரத்தை மயக்க மருந்தாக வழங்கினார். மூன்று மாதங்கள் நிறைவுறுமுன்னரே ஒரு துயரம் நிகழ்ந்தது. 1848 ஜனவரி 28 அன்று, இங்கிலாந்தில் நியூகாசிலுக்கு அருகே ஹன்னா கிரீனர் என்னும் 15 வயதுச் சிறுமி, கால்விரல் நகமொன்றை அகற்றுவதற்காக அம்மருந்தை முகர்ந்தாள். சில நிமிடங்களில் உயிர் நீத்தாள்.

முதலில் நிற்பது சுவாசமே என்றனர் ஒரு சாரார்; இருதயமே என்றனர் மற்றொரு சாரார். மருத்துவர் மூச்சைக் கவனிப்பதா, நாடியைக் கவனிப்பதா என்பது இதனைப் பொறுத்தது. எனவே இது வெறும் சொற்போர் அன்று; உயிர்ப் பிரச்சினையாகும்.

இவ்வழக்கு நம் நாட்டு ஐதராபாத்திலும் விசாரிக்கப்பட்டது. அங்கிருந்த மருத்துவர் எட்வர்டு லாரி, நிஜாம் அரசின் ஆதரவுடன் 1888-லும் 1889-லும் இரு ஆய்வுக் குழுக்களை நடத்தினார். இரண்டாவதில் பங்கு கொள்ள லண்டனிலிருந்து லாடர் பிரண்டன் வந்தார். நூற்றுக்கணக்கான பிராணிகளைச் சோதித்த பின்னர், “சுவாசமே முதலில் நிற்கிறது, அதனைக் கவனித்தால் போதும்” என்னும் கருத்தில் தீர்ப்பளித்தனர்.

ஆயினும் மரணங்கள் ஓயவில்லை. காரணம் யாது? ஐதராபாத்தில் பெரிதும் ஆராயப்பெற்றது, மருந்து அளவு மிஞ்சிய நிலை. குட்மன் லெவி என்பவரோ, 1911-இல் பூனைகளுக்குச் சிறிதளவே குளோரோபாரம் கொடுத்து, அட்ரினலினைச் செலுத்தினார். இருதயத்தின் கீழறைகள் ஒழுங்கிழந்து துடிதுடித்து ஓய்ந்தன. அச்சத்தாலும் வலியாலும் உடலில் சுரப்பதும் அட்ரினலினே அன்றோ! அரைகுறை மயக்கத்திலிருந்த நோயாளிகள் திடீரென மாண்டதன் மருமம் இவ்வாறு விளங்கலாயிற்று.

இனி, இருதயத் தசையே நோயுற்றிருந்தால் என் செய்வது? 1958-இல் டொனால்டு டியர் என்பார், திடீரென மாண்ட இளைஞர் சிலரின் இருதயச் சுவர் ஒருபுறம் அளவு கடந்து தடித்திருந்ததை விவரித்தார். இத்தகைய இருதயம் வேகமாகவும் வன்மையாகவும் சுருங்கினால், இரத்தம் வெளியேறும் வழியே குறுகிவிடக் கூடும். ஆகவே துடிப்பு விரையாமலும், இரத்த அழுத்தம் தாழாமலும், உடலில் நீர் குறையாமலும் காத்தல் வேண்டும். விரிந்து தளர்ந்த இருதயத்தின் இயல்போ வேறு. அதன் எஞ்சிய வலிமையை மருந்து குன்றச் செய்யலாகாது. சுருங்கும் ஆற்றலை மிகுவிக்கும் மருந்து இதற்குத் துணையாகலாம், முன்னதற்கோ தீங்காகலாம்.

ஆதலால் இன்றைய மருத்துவர், மயக்கம் தருமுன் ஒலியலைகளால் இருதயத்தின் அமைப்பை அறிகிறார். மூச்சு, நாடித் துடிப்பு, இரத்த அழுத்தம் ஆகிய யாவற்றையும் இடையறாது கவனிக்கிறார். ஐதராபாத்தில் எழுந்த வினா, “மூச்சா, இருதயமா?” என்பது. அவ்விரண்டில் ஒன்றை மட்டும் நம்பியிருத்தல் தகாது என்பதே, பல உயிர்களை இழந்து மருத்துவ உலகம் பெற்ற விடையாகும்.