கைகள் முளைக்கும் படம்

ஜேர்மனியின் ஹம் நகரிலிருந்து பேசுகிறேன். நான் ஒரு தாதி, சினிமா ஆய்வாளர் இல்லை. திரைப்பட வகைகளைப் பற்றிப் பேச வந்ததற்குக் காரணம், என் மகள் கேட்ட ஒரு கேள்வி.

போன குளிர்காலத்தில் வீட்டில் 'ஞானசௌந்தரி'யைப் போட்டுப் பார்த்தோம். 1948இல் வந்த சிட்டாடல் நிறுவனத்தின் படம். சிற்றன்னையின் ஏவலால் இளவரசியின் இரண்டு கைகளும் வெட்டப்படுகிற இடத்தில் மகள் எழும்பி, "அம்மா, இது ஹொரர் படமா?" என்று கேட்டாள். "இல்லைப் பிள்ளை, பக்திப் படம்" என்றேன். "கையை வெட்டுறதில் என்ன பக்தி?" என்றாள். அப்போது என்னிடம் பதில் இல்லை. அந்தப் பதிலைத்தான் இன்று தேடப் போகிறேன்.

தமிழில் பேசும் படம் 1931இல் 'காளிதாஸ்' மூலம் தொடங்கியது. அடுத்து வந்த சில ஆண்டுகளில் பெரும்பாலும் புராணப் படங்களே வந்தன. நாடகக் கம்பெனிகளிடம் அந்தக் கதைகளும் பாட்டுகளும் நடிகர்களும் தயாராக இருந்தார்கள், சனங்களுக்கும் கதை முன்பே தெரியும். 1935இல் வடுவூர் துரைசாமி ஐயங்காரின் நாவலை வைத்து 'மேனகா' வந்தது. அன்றைய வீடும் அன்றைய உடுப்பும் அன்றைய குடும்பச் சிக்கலும் திரைக்கு வந்தன. இந்த வகைக்குச் சமூகப் படம் என்று பெயர் வந்தது.

உடுப்பையும் காலத்தையும் மட்டும் வைத்து வகை பிரிக்க முடியாது என்று நினைக்கிறேன். சிக்கலை அவிழ்ப்பது யார் என்று பார்க்க வேண்டும். புராணப் படத்தில் தெய்வம் வந்து அவிழ்க்கும். 1939இல் வந்த 'தியாகபூமி'யில் கணவன் மனைவி வழக்கு நீதிமன்றத்துக்குப் போகிறது, அங்கே மனிதர்கள்தான் வாதாட வேண்டும். 1948இல் ஜெமினி எடுத்த 'சந்திரலேகா'வில் முரசு நடனமும் வாள் சண்டையும் முடிவைக் கொண்டுவருகின்றன.

இனி ஞானசௌந்தரிக்கு வருவோம். முடியும் அரண்மனையும் போரும் இருப்பதால் அது ராஜா ராணிப் படம். சிற்றன்னைக் கொடுமையும் மாற்றி எழுதப்பட்ட கடிதங்களும், குழந்தைகளோடு துரத்தப்படும் தாயும் இருப்பதால் குடும்பப் படம். ஆனால் கடைசியில் கணவன் பிலேந்திரனின் வாளாலும் அரசனின் தீர்ப்பாலும் கை திரும்பி வருவதில்லை. மாதாவிடம் மன்றாடித்தான் வருகிறது. அதனால் அது பக்திப் படம். புராணப் படத்தின் அதே கட்டமைப்புத்தான், தெய்வத்தின் இடத்தில் தேவமாதா நிற்கிறார். அதனால்தான் கிறிஸ்தவர் அல்லாத சனங்களும் அந்நியம் பார்க்காமல் அதைப் பார்த்தார்கள்.

அதே ஆண்டில் ஜெமினியும் இதே கதையைப் படமாக்கியது. ஒரே கதை, ஒரே வகை. ஆனால் சிட்டாடலின் படம்தான் ஓடியது. ஜெமினி தன் படத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. சமையற்குறிப்பு ஒன்றாக இருந்தாலும் கைப்பக்குவம் வேறுதானே.

இந்தக் கதை எங்கள் ஊர்களில் சினிமாவுக்கு முன்பே இருந்தது. யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் கத்தோலிக்கர் அதை நாட்டுக்கூத்தாக ஆடினார்கள். ஜேர்மனிக்கு வந்த பிறகுதான், இங்கேயும் அதே கதை இருப்பது எனக்குத் தெரிந்தது. 1812இல் கிரிம் சகோதரர் வெளியிட்ட தொகுப்பில் 'கைகள் இல்லாத பெண்' 31ஆம் கதை. அங்கே பிசாசுக்குப் பயந்து தகப்பனே மகளின் கையை வெட்டுகிறான். அரசன் அவளுக்கு வெள்ளியில் கை செய்து கொடுக்கிறான். கடிதங்களை மாற்றுவது பிசாசு. கடைசியில் கடவுளின் அருளால் கை முளைக்கிறது. அதற்கும் முன்னால், 13ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் காவியம் 'லா மனெகின்'இலும் கையிழந்த இளவரசி இருக்கிறாள். இங்கே இதைச் சிறுவர் கதை என்கிறார்கள், எங்கள் கோயில் வளவில் அது கூத்து, மதராஸில் பக்திப் படம், என் மகளுக்கு ஹொரர். கதை ஒன்றுதான். எந்த எதிர்பார்ப்போடு போய் உட்காருகிறோமோ அதற்கேற்ப வகை மாறுகிறது.

ஒரு தாதியாகவும் ஒன்று சொல்ல வேண்டும். வெட்டுப்பட்ட கை முளைக்காது. போரில் ஒரு கையை இழந்த எங்கள் ஊர் அண்ணை ஒருவரை எனக்குத் தெரியும். செயற்கைக் கை போட்டிருந்தார், ஆனாலும் இல்லாத விரல்கள் இரவில் கடிக்கும் என்பார். ஒருநாள் இந்தப் படத்தைப் பற்றிக் கதை வந்தது. "உங்களுக்குக் கோபம் வராதா அண்ணை, இப்படிக் கை முளைக்கக் காட்டினால்?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "படத்தில எண்டாலும் முளைக்கட்டும் தங்கச்சி" என்றார்.

எந்தப் பாடப்புத்தகத்தையும் விட வகை என்றால் என்னவென்று அவர்தான் எனக்கு விளங்கப்படுத்தினார். வகை என்பது பார்ப்பவருக்கும் படத்துக்கும் இடையில் முன்கூட்டியே செய்த ஒப்பந்தம். பக்திப் படத்துக்குள் போகும்போது, இங்கே கை முளைக்கும் என்று இரண்டு பக்கமும் சம்மதிக்கிறது. அதனால் அது ஏமாற்று இல்லை. அதே காட்சியைப் போரைப் பற்றிய சமூகப் படத்தில் வைத்தால், அந்த அண்ணைக்குச் செய்யும் அநியாயம்.

ஆவணி மாதம் கேவலார் மாதாவிடம் போகிற எங்கள் கூட்டத்தில் சைவக்காரரும் இருக்கிறார்கள். ஹம் காமாட்சி அம்மன் தேருக்கு நானும் போவேன். எந்த வாசலில் எதைக் கேட்கலாம் என்று எங்கள் சனத்துக்குத் தெரியும். படத்திலும் அப்படித்தான்.

மகளுக்கு இதைச் சொன்னேன். "அப்ப ஹொரர் படத்தில கை முளைக்காதா?" என்றாள். "முளைக்கும், ஆனால் அது ஆற்றையோ கையாய் இருக்கும்" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம்.