படுகை கடக்கும் நீர்: பேராக் ஆறும் 1920ஆம் ஆண்டுச் சட்டமும்

குனோங் ராபாட் சுண்ணக் குன்றுகளில் பெய்யும் மழை கிந்தா ஆற்றை அடைந்து, பின் பேராக் ஆற்றோடு கலந்து, மலாக்கா நீரிணையில் சேர்கிறது. இயற்கை வகுத்த இவ்வெல்லையே ஆற்றுப்படுகை. ஒரு படுகையின் நீரை மலை குடைந்தோ குழாய் பதித்தோ மற்றொரு படுகைக்குக் கொண்டு செல்ல யார் இசைவு தர வேண்டும் என்பதே இவ்வுரையின் பொருள்.

இப்பள்ளத்தாக்கில் நீரைப் பெயர்த்தது ஈயம். கோப்பேங் சுரங்கங்கள் மலையோடைகளின் நீரை நெடுந்தொலைவு குழாய்களில் இறக்கி, அதன் விசையால் மண்ணைக் கரைத்தன. கரைந்த மண்ணோ ஆறுகளைத் தூர்த்தது. கூட்டரசு மலாய் மாநிலங்களில் 1920இல் எழுந்த நீர்ச்சட்டம், ஆறுகளின் உடைமையையும் ஆளுகையையும் அந்தந்த மாநில ஆட்சியாளரிடமே வைத்தது. உரிமமின்றி ஆற்றைத் திருப்புவதைத் தடுத்தது. இன்றும் பேராக்கில் அச்சட்டமே நடப்பிலுள்ளது. ஆறு யாருடையது என்று கேட்ட அச்சட்டம், ஓர் ஆறு எவ்வளவு நீரை விட்டுக்கொடுக்க இயலும் என்று கேட்கவில்லை. என் கருத்தில் அதன் பெருங்குறை இதுவே.

அரசமைப்புச் சட்டமும் ஒரு மாநிலத்துக்குள்ளேயே ஓடும் ஆற்றை அம்மாநிலத்துக்கே விட்டுவிடுகிறது. 2005ஆம் ஆண்டுத் திருத்தம் நீர் வழங்கலைப் பொதுப்பட்டியலுக்குக் கொண்டுவந்தது; ஆற்றின் உரிமை மாநிலத்திடமே தங்கிற்று. ஆகவே படுகை கடக்கும் நீர் ஒப்பந்தத்தாலேயே கடக்க வேண்டியதாயிற்று. பகாங்கின் செமந்தான் ஆற்று நீரைச் சிலாங்கூருக்குக் கொணரும் 44.6 கி.மீ. சுரங்கவழி, 2014இல் குடைந்து முடிக்கப்பட்டது, அவ்வாறு பிறந்ததே.

ஒப்பந்தம் எதை அளக்கிறது என்பது முதன்மையானது. மதுரைச் சீமையிலிருந்து வந்தோரின் வழித்தோன்றல்கள் இவ்வவையிலும் இருக்கக்கூடும். அவர்கள் முல்லைப் பெரியாற்றை அறிவர். மேற்கே ஓடிய பெரியாற்றைக் கிழக்கே வைகைக்குத் திருப்ப, 1886இல் திருவிதாங்கூர் 999 ஆண்டுக் குத்தகை அளித்தது. நீர் மூழ்கடிக்கும் 8,000 ஏக்கருக்கு ஏக்கர் ஒன்றுக்கு 5 ரூபாய். விலை பேசப்பட்டது நிலத்துக்கு, நீருக்கன்று. 1970இல் வாடகை 30 ரூபாயாக உயர்ந்தபோதும் கணக்கு ஏக்கரிலேயே நின்றது. 1895இல் திறந்த அந்நீர் வறண்ட நிலங்களை வாழ்வித்தது உண்மை. அளவு பற்றியும் அணையின் உறுதி பற்றியும் எழுந்த வழக்குகள் ஓயாததும் உண்மை.

இனி நம் வாயிலுக்கு வருவோம். பினாங்கு தன் நீரின் பெரும்பகுதியை மூடா ஆற்றிலிருந்து பெறுகிறது. அவ்வாறு கெடாவில் பிறப்பது. ஒரே ஆற்றை நம்பியிருத்தல் இடர் என்றெண்ணி, 2011இல் பேராக் ஆற்று நீரைக் கேட்டது பினாங்கு. பேராக் அரசோ, சுத்திகரிக்காத நீரைத் தருவதைவிடச் சுத்திகரித்த நீரை விற்பதையே விரும்பிற்று. இது வெறும் வணிகக் கணக்கன்று. இடையில் கிரியான் வயல்கள் உள்ளன. குராவ் ஆற்றைத் தடுத்த புக்கிட் மேரா நீர்த்தேக்கத்தை நம்பி, 1906 முதல் பாசனம் பெறுபவை அவை. வறட்சியில் அத்தேக்கம் வற்றும் ஆண்டுகளில், பேராக் ஆற்று நீரைக் கேட்கும் முதல் குரல் அவ்வுழவருடையது. பினாங்குக்குச் செல்லும் எக்குழாயும் அவர்கள் மாவட்டத்தை ஒட்டியே செல்ல வேண்டும்.