அமெரிக்க மசில் கார்கள்: விற்பனையும் சேகரிப்பும்

மசில் கார் என்பது 1964 முதல் 1974 வரையிலான பத்தாண்டுகளில் அமெரிக்க நிறுவனங்கள் தயாரித்த ஒரு வகைக் கார்களைக் குறிக்கும் பெயர். நடுத்தர அளவுள்ள இரு கதவுக் காரில் பெரிய வி-8 எஞ்சினைப் பொருத்தி, இளைஞர்களால் வாங்க முடிந்த விலையில் விற்றதே இதன் அடிப்படை. அளவில் சிறிய மஸ்டாங், கமாரோ போன்ற கார்கள் 'போனி கார்' எனத் தனியாகச் சொல்லப்பட்டாலும், அவற்றின் ஆற்றல்மிக்க வடிவங்கள் மசில் கார்களோடு சேர்த்தே எண்ணப்படுகின்றன. 1980-களுக்குப் பின் இவை சேகரிப்பாளர்களின் பொருளாயின. விற்பனைக்கூடத்தில் வாங்க ஆளின்றி நின்ற சில கார்களே இன்று ஏலத்தில் மிக உயர்ந்த விலை பெறுகின்றன.

பின்னணி

1949-ல் ஓல்ட்ஸ்மொபில் நிறுவனம் தன் புதிய 'ராக்கெட்' வி-8 எஞ்சினை எடை குறைந்த உடலில் பொருத்தி 'ராக்கெட் 88' காரை வெளியிட்டது. மசில் கார்களின் முன்னோடியாகப் பலரும் கருதுவது இதையே. 1955-ல் கிரைஸ்லர் வெளியிட்ட சி-300 கார் 300 குதிரைத்திறன் கொண்டது. ஆனால் அது செல்வந்தர்களுக்கான கார்.

1957-ல் அமெரிக்கக் கார் உற்பத்தியாளர் சங்கம், பந்தயங்களில் நிறுவனங்கள் நேரடியாக ஈடுபடுவதில்லை என முடிவெடுத்தது. நிறுவனங்கள் அதை முழுமையாகப் பின்பற்றவில்லை. 1963-ன் தொடக்கத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் தன் பிரிவுகள் பந்தயத்துக்குச் செலவிடுவதைத் தடைசெய்தது. பந்தய வெற்றிகளால் பெயர் பெற்றிருந்த பான்டியாக் பிரிவு, அந்தப் பெயரைக் காக்க வேறு வழி தேடவேண்டியிருந்தது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் பிறந்த பெரிய தலைமுறை ஓட்டுநர் உரிமம் பெறும் வயதை எட்டிய காலமும் அதுவே.

பான்டியாக் ஜி.டி.ஓ.

நடுத்தரக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சின் கூடாது என்பது ஜெனரல் மோட்டார்ஸின் உள்விதி. பான்டியாக்கின் தலைமைப் பொறியாளர் ஜான் டிலோரியனும் அவருடன் பணியாற்றிய பில் காலின்ஸ், ரஸ்ஸல் கீ ஆகியோரும், பெரிய கார்களுக்கான 389 கன அங்குல எஞ்சினை டெம்பெஸ்ட் காரில் பொருத்திப் பார்த்தனர். இரண்டு எஞ்சின்களின் வெளியளவும் ஒன்றே என்பதால் அது எளிதாகப் பொருந்தியது.

புதிய மாடல் என்றால் தலைமையகத்தின் ஒப்புதல் வேண்டும். ஆகவே அதைத் தனி மாடலாக அறிவிக்காமல், லெமான்ஸ் காரை வாங்குபவர் சுமார் 295 டாலர் கூடுதலாகக் கொடுத்துப் பெறும் ஒரு தேர்வாக 1964 மாடலில் சேர்த்தனர். ஃபெராரியின் காரிலிருந்து 'ஜி.டி.ஓ.' என்ற பெயரை எடுத்துக்கொண்டனர். 5,000 கார்கள் விற்றால் போதும் எனக் கணக்கிட்டிருந்தனர். முதல் ஆண்டில் 32,450 விற்றன. அதன்பின் தலைமையகம் விதியைத் தளர்த்தியது.

போட்டியின் உச்சம்

1964 ஏப்ரல் 17 அன்று நியூயார்க் உலகக் கண்காட்சியில் ஃபோர்டு மஸ்டாங் அறிமுகமானது. தொடக்க விலை 2,368 டாலர். முதல் நாளிலேயே இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட முன்பதிவுகள் வந்தன. ஓராண்டில் நான்கு லட்சத்துக்கும் மேல் விற்றது. அதற்குப் பதிலாகச் செவ்ரொலே 1967 மாடலாகக் கமாரோவைக் கொண்டுவந்தது.

கிரைஸ்லர் 1964-ல் 426 கன அங்குல 'ஹெமி' எஞ்சினைப் பந்தயத்துக்கென உருவாக்கியது. எரியறையின் அரைக்கோள வடிவமே பெயருக்குக் காரணம். அவ்வாண்டு டேடோனா 500 பந்தயத்தில் ரிச்சர்ட் பெட்டி அந்த எஞ்சினுடன் வென்றார். 1966 மாடல் முதல் சாலைக் கார்களிலும் 425 குதிரைத்திறன் என்ற அறிவிப்புடன் ஹெமி கிடைத்தது. 1968-ல் பிளைமவுத் 'ரோட் ரன்னர்' என்ற காரை 2,900 டாலருக்கும் சற்றுக் குறைவான விலையில் விற்றது. அலங்காரங்களை நீக்கி, அந்தப் பணத்தை எஞ்சினுக்குச் செலவிட்ட கார் அது. கார்ட்டூன் பறவையின் பெயரையும் உருவத்தையும் பயன்படுத்த வார்னர் பிரதர்ஸுக்கு 50,000 டாலர் கொடுக்கப்பட்டது.

1970-ல் போட்டி உச்சம் தொட்டது. நடுத்தரக் கார்களுக்கான 400 கன அங்குல வரம்பை ஜெனரல் மோட்டார்ஸ் நீக்கியது. செவ்ரொலே செவெல் எஸ்.எஸ். கார் 454 கன அங்குல எல்.எஸ்.6 எஞ்சினுடன் 450 குதிரைத்திறன் என விளம்பரப்படுத்தப்பட்டது.

வீழ்ச்சி

மசில் கார்கள் மறைய ஒரே காரணம் இல்லை. முதல் அடி காப்பீட்டிலிருந்து வந்தது. 1960-களின் இறுதியில் காப்பீட்டு நிறுவனங்கள் இத்தகைய கார்களுக்கு, குறிப்பாக 25 வயதுக்குட்பட்ட ஆண் ஓட்டுநர்களுக்கு, கட்டணத்தைக் கடுமையாக உயர்த்தின. காரின் மாதத் தவணையைக் கட்ட முடிந்தவர்களாலும் காப்பீட்டைக் கட்ட இயலவில்லை.

1970-ன் தூய காற்றுச் சட்டம் புகை வெளியேற்றத்துக்கு வரம்பு விதித்தது. ஈயம் குறைந்த பெட்ரோலுக்கு ஏற்ப 1971 மாடலில் ஜெனரல் மோட்டார்ஸ் எஞ்சின்களின் அழுத்த விகிதத்தைக் குறைத்தது. 1972-ல் ஆற்றலை அளக்கும் முறையும் மாறியது. துணைக்கருவிகள் இன்றித் தனி எஞ்சினை அளப்பதற்குப் பதிலாக, காரில் பொருத்திய நிலைக்கேற்ப நிகர ஆற்றல் அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டு செவெல் 454 காரின் அறிவிக்கப்பட்ட ஆற்றல் 270 குதிரைத்திறன். இந்தச் சரிவில் ஒரு பகுதி உண்மையான குறைவு. மறுபகுதி அளவீட்டு மாற்றம். 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதியைத் தடைசெய்தபோது இந்த வகை ஏற்கெனவே நலிந்திருந்தது. ஜி.டி.ஓ. 1974 மாடலுடன் நின்றது.

விற்காத கார்கள்

1969-ல் செவ்ரொலே, முழுவதும் அலுமினியத்தாலான 427 கன அங்குல இசட்.எல்.1 எஞ்சினுடன் 69 கமாரோ கார்களைத் தயாரித்தது. இல்லினாய் மாநிலத்தின் லா ஹார்ப் என்ற சிற்றூரின் விற்பனை முகவரான ஃப்ரெட் கிப், பந்தயத் தகுதிக்காக 50 கார்களுக்கு ஆணை கொடுத்தார். எஞ்சினுக்கு மட்டும் 4,000 டாலருக்கும் மேல் கூடியதால் ஒரு காரின் விலை 7,000 டாலரைத் தாண்டியது. அந்த விலைக்கு வாங்குவோர் சிலரே. கிப் பல கார்களைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று.

1970-ன் பிளைமவுத் சூப்பர்பேர்ட் காரின் கதையும் இதுவே. நாஸ்கார் பந்தய விதியின்படி குறிப்பிட்ட எண்ணிக்கையில் பொதுமக்களுக்கு விற்க வேண்டும் என்பதால் ஏறக்குறைய 1,900 கார்கள் தயாரிக்கப்பட்டன. நீண்ட கூர்மூக்கும், டிக்கிக்கு மேல் உயர்ந்து நின்ற இறக்கையும் வாங்குவோரை மிரளவைத்தன. சில முகவர்கள் மூக்கையும் இறக்கையையும் கழற்றிச் சாதாரண ரோட் ரன்னராக மாற்றி விற்றனர்.

ஹெமி எஞ்சின் கொண்ட 1971 பிளைமவுத் குடா கன்வர்டிபிள் 11 மட்டுமே தயாரானதாகப் பொதுவாகக் கணக்கிடப்படுகிறது. எஞ்சினின் கூடுதல் விலையும் காப்பீட்டுச் சுமையும் வாங்குவோரை விலக்கின. அவற்றுள் ஒன்று 2014-ல் சியாட்டிலில் மீக்கம் நிறுவனத்தின் ஏலத்தில் 35 லட்சம் டாலருக்கு விலைபோனது. அன்று விருப்பமின்மையால் உண்டான குறைந்த எண்ணிக்கையே பின்னாளில் அரிமை எனப் பெயர் பெற்றது.

சேகரிப்புச் சந்தை

எண்ணெய் நெருக்கடிக்குப் பின் மசில் கார்கள் வெறும் பழைய கார்களாக மலிவாகக் கைமாறின. பல கார்கள் பந்தயத்தில் சிதைந்தன. பல துருப்பிடித்துக் காயலான் கடைக்குப் போயின. 1979-ல் தொடங்கிய 'தி ட்யூக்ஸ் ஆஃப் ஹஸார்ட்' தொலைக்காட்சித் தொடரின் படப்பிடிப்பில் மட்டும் நூற்றுக்கணக்கான டாட்ஜ் சார்ஜர் கார்கள் நொறுக்கப்பட்டன.

1980-களில் நிலை மாறியது. இளமையில் இந்தக் கார்களை வாங்க இயலாமல் ஏங்கியவர்கள் நடுவயதில் பணத்தோடு திரும்பினர். 1954-ல் தொடங்கப்பட்ட ஹெமிங்ஸ் மோட்டார் நியூஸ் இதழின் விளம்பரப் பக்கங்களே நெடுங்காலம் முதன்மைச் சந்தையாக இருந்தன. அரிசோனாவின் ஸ்காட்ஸ்டேல் நகரில் நடைபெறும் பாரெட்-ஜாக்சன் ஏலமும், 1988-ல் தொடங்கிய மீக்கம் ஏலமும் தொலைக்காட்சி நேரலையால் பெரும் நிகழ்வுகளாயின.

விலைகள் அலையலையாக ஏறி இறங்கின. 1980-களின் இறுதி ஏற்றம் 1990-களின் தொடக்கத்தில் சரிந்தது. அடுத்த ஏற்றத்தின் உச்சமாக, 2007-ல் கேரல் ஷெல்பியின் சொந்தக் கோப்ரா 'சூப்பர் ஸ்னேக்' பாரெட்-ஜாக்சன் ஏலத்தில் 55 லட்சம் டாலருக்கு விற்றது. 2008-ன் நிதி நெருக்கடியில் மசில் கார்களின் விலைகள் மீண்டும் வீழ்ந்தன. கடன் வாங்கி முதலீடாகக் கார் வாங்கியவர்களே அதிகம் இழந்தனர்.

அசலும் நகலும்

மசில் காரை வாங்குவதில் உள்ள முதன்மையான இடர், அது தோன்றுவதுபோல் உண்மையானதா என்பதே. மசில் கார்களில் பல, சாதாரணக் கார்களின் கூடுதல் தேர்வுகளாகவே பிறந்தவை. எனவே சாதாரணக் காரில் எஞ்சினையும் சின்னங்களையும் மாற்றினால் அரிய காரைப் போன்ற நகல் கிடைக்கும். நகல் என்று சொல்லி விற்பது குற்றமல்ல. அசல் என்று விற்பது மோசடி.

இப்போதுள்ள 17 இலக்க வாகன அடையாள எண் 1981 மாடலில்தான் கட்டாயமானது. அதற்கு முன் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு முறை வைத்திருந்தது. 1964, 1965 ஜி.டி.ஓ. கார்களின் அடையாள எண்ணில் ஜி.டி.ஓ. என்பதற்கான குறி இல்லை. 1966 முதல் 242 எனத் தொடங்கும் எண் அதைக் காட்டும். கிரைஸ்லர் கார்களில் எண்ணின் ஐந்தாம் எழுத்து எஞ்சினைக் குறிக்கும். செவ்ரொலேயில் 1972-க்கு முன் அடையாள எண்ணால் துல்லியமான எஞ்சின் வகையை அறிய இயலாது. ஆகவே அங்கே நகல்கள் எளிது.

எஞ்சினில் பொறித்த எண் காரின் எண்ணோடு ஒத்திருந்தால் அது 'எண் பொருந்தும் கார்' எனப்படும், விலையும் கூடும். எஞ்சினில் எண்ணைத் தேய்த்துப் புதிதாகப் பொறிக்கும் ஏமாற்றும் இதனாலேயே பெருகியது. எனவே ஆவணங்களுக்கு மதிப்பு அதிகம். பான்டியாக் கார்களுக்கு பான்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸ் பழைய விலைச்சீட்டின் நகலைத் தருகிறது. 1967 முதலான ஃபோர்டு கார்களுக்கு நிறுவனத்தின் பதிவேட்டிலிருந்து எடுக்கப்படும் மார்ட்டி அறிக்கை உண்டு. கிரைஸ்லர் கார்களில் தொழிலாளர்கள் பின்னிருக்கையின் சுருள்கம்பிகளுக்கிடையே விட்டுச்சென்ற உற்பத்தித் தாள் சிலசமயம் கிடைக்கும்.

வாங்குவோர் கவனிப்பவை

எஞ்சின் பழுதைவிடத் தகட்டின் துருவே செலவு மிக்கது. பனிக்காலத்தில் சாலைகளில் உப்பு தூவும் வட மாநிலங்களின் கார்களைவிட அரிசோனா, கலிபோர்னியா போன்ற வறண்ட பகுதிக் கார்கள் விரும்பப்படுகின்றன. பழைய மஸ்டாங்கில் முன்கண்ணாடிக்குக் கீழுள்ள காற்றுப்பெட்டியில் நீர் தேங்கி உள்தளம் அரிக்கப்படுவது பரவலாக அறியப்பட்ட குறை. வினைல் கூரையின் அடியிலும் துரு மறைந்திருக்கும். பெயின்டுக்கு அடியில் பட்டி வைத்து மூடிய இடத்தில் காந்தம் ஒட்டாது.

ஈயம் கலந்த பெட்ரோலுக்காகச் செய்த எஞ்சின்களில் கடினமாக்கப்பட்ட வால்வு சீட்டுகள் பொருத்துவது வழக்கம். ஏலத்தில் வாங்குவோர், கேட்ட விலைக்கு மேல் பெரும்பாலும் 10 விழுக்காடு அளவில் ஏல நிறுவனத்துக்குக் கட்டணம் செலுத்த வேண்டும் என்பதையும் கணக்கில் கொள்கின்றனர்.

மீட்டமைப்பு குறித்த விவாதம்

தொடக்கக்காலச் சேகரிப்பாளர்கள் காரைக் கழற்றிப் புதிதினும் புதிதாக்கினர். பின்னர், மீட்டமைக்கப்படாத காருக்கே வரலாற்று மதிப்பு என்ற கருத்து வலுத்தது. 1968-ல் வெளிவந்த 'புல்லிட்' படத்தில் ஸ்டீவ் மெக்வீன் ஓட்டிய மஸ்டாங் இதற்குச் சான்று. 1974-ல் நியூஜெர்சிக் குடும்பம் ஒன்று ஏறக்குறைய 6,000 டாலருக்கு அதை வாங்கி அன்றாடப் பயணத்துக்குப் பயன்படுத்தியது. 1977-ல் மெக்வீன் கடிதம் எழுதிக் கேட்டும் அவர்கள் விற்கவில்லை. மங்கிய பெயின்டும் படப்பிடிப்புக்கான வெல்டிங் அடையாளங்களும் மாறாமலிருந்த அந்தக் கார், 2020 ஜனவரியில் மீக்கம் ஏலத்தில் கட்டணம் உட்பட 37.4 லட்சம் டாலருக்கு விலைபோனது.

இதற்கு எதிர்த்திசையில், பழைய உடலில் புதிய எஞ்சின், பிரேக், குளிர்சாதனம் ஆகியவற்றைப் பொருத்தும் 'ரெஸ்டோமாட்' கார்களும் பெருகியுள்ளன. ஆவணப் பெருமையை விட ஓட்டும் வசதியை நாடுபவர்கள் இவற்றை வாங்குகின்றனர்.

இன்றைய நிலை

2014 முதல் பிரிங் எ டிரெய்லர் போன்ற இணைய ஏலங்கள் விற்பனையின் ஒரு பெரும்பகுதியைத் தம்பக்கம் ஈர்த்துள்ளன. மசில் கார்களோடு வளர்ந்த தலைமுறை முதுமை எய்திவிட்டது. அவர்களின் சேகரிப்புகள் சந்தைக்கு வருகின்றன. அடுத்த தலைமுறை 1980, 1990-களின் கார்களையும் ஜப்பானியக் கார்களையும் தேடுகிறது. அரிய ஹெமி, இசட்.எல்.1 கார்களுக்குத் தேவை நீடிக்கிறது. ஆனால் பல்லாயிரக்கணக்கில் உற்பத்தியான சாதாரண வகைகளை வாங்குபவர்கள், அவற்றை முதலீடாக அல்லாமல் ஓட்டி மகிழ்வதற்கான பொருளாகக் கொள்வதே பொருத்தம். அவை தயாரிக்கப்பட்டதும் அதற்காகவே.