முற்றத்துக் கல்லின் ஆயுள்

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டு முன்முற்றத்திற்குத் தளம் பாவ வேண்டியிருந்தது. கல் விற்பவர் மாதிரி ஒன்றைக் கையில் கொடுத்து, "ஆயுசுக்கும் கவலை இல்லை சார்" என்றார். யாருடைய ஆயுசு, கல்லினுடையதா என்னுடையதா என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். ஆனால் கேள்வி சிரிப்புக்குரியதன்று. வெயிலும் மழையும் நேரே படும் தரையில் ஒரு கல் எத்தனை ஆண்டு தாங்கும் என்று எப்படிச் சொல்வது? நூறாண்டு காத்திருந்து பார்க்க எவராலும் இயலாதே! இந்தச் சிக்கலை முதலில் ஆராய்ந்தவர்கள் குளிர் நாட்டார். காரணம், அங்கே கல்லுக்குப் பெரும்பகை பனிக்கட்டி.

நீர் உறையும்போது அதன் பருமன் ஏறத்தாழ 9 விழுக்காடு கூடுகிறது. கல், செங்கல், கான்கிரீட் எல்லாவற்றிலும் நுண்துளைகள் உண்டு. முற்றிலும் அடைபட்ட இடத்தில் நீர் உறைந்தால், வெப்பநிலை -22° செ. வரை இறங்கும்போது, சதுர சென்டிமீட்டருக்கு 2,000 கிலோகிராம் அளவுக்கு அழுத்தம் எழக்கூடும். பெரும்பாலான கற்களின் இழுவலிமை இதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. நல்லவேளையாக, துளைகள் முற்றிலும் நிரம்புவது அரிது. ஆயினும் சுவரைவிடத் தரைக்கே ஆபத்து அதிகம். சுவரில் நீர் வழிந்துவிடும், தரையில் தங்கும். இரவில் உறைந்து பகலில் உருகும் ஊர்களில் இந்த நெம்புதல் ஒரே குளிர்காலத்தில் பலமுறை நிகழும். எந்நேரமும் உறைநிலைக்குக் கீழேயே இருக்கும் ஊரைவிட, உறைநிலையைத் தாண்டித் தாண்டி வரும் ஊரே கல்லுக்குக் கொடியது.

பிரான்சு நாட்டுக் கனிமவியலார் பிரார் என்பவர் இதற்கு ஓர் அழகான சோதனையைக் கண்டார். அதன் விவரம் 1828-இல் வெளியாயிற்று. சிறு கனசதுரமாக வெட்டிய கல்லைச் சோடியம் சல்பேட்டுக் கரைசலில் கொதிக்க வைத்துக் காற்றில் தொங்கவிட வேண்டும். கரைசல் உலர, உப்பு ஒவ்வொரு மூலக்கூறுக்கும் பத்து நீர் மூலக்கூறுகளைச் சேர்த்துக்கொண்டு துளைகளுக்குள் படிகமாக வளர்ந்து, பனிக்கட்டியைப் போலவே கல்லை உள்ளிருந்து தள்ளும். நான்கைந்து நாள் இப்படி நனைத்து உலர்த்தி, கீழே உதிர்ந்த துகள்களை எடை போட்டால் நல்ல கல் எது, போலிக் கல் எது என்று தெரிந்துவிடும். பல குளிர்காலங்களின் வேலையைச் சில நாளில் உப்பு செய்து முடிக்கிறது. குளிர்சாதனம் இல்லாத காலத்தில் இதைவிடச் சிறந்த யுக்தி வேறு என்ன வேண்டும்?

சோதனை கல்லை வரிசைப்படுத்தும். ஆண்டுக் கணக்கைச் சொல்லாது. அதற்கு விடை தேடிக் கல்லறைக்குப் போனவர் ஸ்காட்லாந்தின் புவியியலறிஞர் ஆர்ச்சிபால்ட் கீக்கி. கல்லறைக் கல்லில் ஆண்டு பொறித்திருக்கிறது. எழுத்து எவ்வளவு மங்கியது என்று பார்த்தால் தேய்மானம் தெரிந்துவிடும் அல்லவா? எடின்பரோ கல்லறைத் தோட்டங்களில் கண்டவற்றை அவர் 1880-இல் எழுதினார். 1799-இல் மறைந்த ஜோசப் பிளாக்கின் நினைவுக் கல்லும் அவற்றுள் ஒன்று. பனிக்கட்டி உருகத் தேவைப்படும் உள்ளுறை வெப்பத்தைக் கண்டறிந்து நமக்குக் கற்பித்த அதே பிளாக்தான்! எண்பது ஆண்டுகளுக்குள் அவருடைய வெண்சலவைக்கல் புடைத்து, எழுத்தும் சிதையத் தொடங்கியிருந்தது. அந்த ஊரின் மழையிலும் நிலக்கரிப் புகையிலும் சலவைக்கல் ஒரு நூற்றாண்டு தாங்காது என்று கீக்கி முடிவு கட்டினார்.

அடுத்து நியூயார்க். அந்நகரில் பழுப்பு மணற்கல் முகப்பு வைத்த வீடுகள் தெருத்தெருவாக எழுந்திருந்தன. வாங்கியவர்கள் நடுத்தரக் குடும்பத்தார். கல் வீடென்று நம்பிப் பணம் போட்டவர்கள். சில ஆண்டுகளிலேயே முகப்பு ஏடு ஏடாக உரியத் தொடங்கியது. அலெக்சிஸ் ஜூலியன் என்ற அறிஞர் நகரத்துக் கற்களை ஆராய்ந்து, 1880-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின் அறிக்கைத் தொகுதியில் ஓர் அட்டவணை தந்தார். அவர் "ஆயுள்" என்றது கல் அழியும் காலத்தை அன்று. பழுதுபார்க்க வேண்டிவரும் வரையுள்ள காலத்தை. பருமணிப் பழுப்புக் கல்லுக்கு 5 முதல் 15 ஆண்டு. ஏடு ஏடாகப் பிளவுபடும் நுண்மணி வகைக்கு 20 முதல் 50. இறுகிய வகைக்கு 100 முதல் 200. கருங்கல்லாகிய கிரானைட்டுக்கு 75 முதல் 200. பழுப்புக் கல் என்ற ஒரே பெயருக்குள் ஐந்து ஆண்டும் உண்டு, இருநூறு ஆண்டும் உண்டு! பெயரைக் கேட்டுக் கல் வாங்குவது எவ்வளவு பேதைமை என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

கொத்தனாரின் பங்கும் இதில் உண்டு. மணற்கல் படுகை படுகையாக உண்டான கல். படுகை கிடையாக அமையுமாறு வைத்தால் மேல் எடை அதை அழுத்திப் பிடிக்கும். அழகான முகப்புக்காகச் செங்குத்தாக நிறுத்தினால், புத்தகத்தை நிறுத்தி முதல் தாளை இழுப்பதுபோல் பனிக்கட்டி ஏடுகளை உரித்துவிடும்.

அதே நகரத்தின் நடைபாதைகளிலும் வீட்டு முற்றங்களிலும் பாவியது வேறொரு மணற்கல்: கேட்ஸ்கில் மலையடிவாரத்திலிருந்து வந்த நீலக்கல். மணிகள் நெருங்கி இறுகியது. இயல்பாகவே பலகையாகப் பிளக்கும். "இன்னும் சோதித்தறியப்படாதது, நூற்றாண்டுகள் தாங்கலாம்" என்பது ஜூலியனின் மதிப்பீடு. 140 ஆண்டுக்குப் பின்னும் பழைய தெருக்கள் பலவற்றில் அப்பலகைகள் கிடக்கின்றன.

கிரானைட்டின் கதை விசித்திரமானது. எகிப்தில் சுமார் 3,300 ஆண்டு இருந்த கல்தூண் ஒன்று 1881-இல் நியூயார்க் பூங்காவில் நிறுத்தப்பட்டது. சில ஆண்டுகளிலேயே செதில் செதிலாக உதிர்ந்ததால் 1885-இல் பாரஃபின் மெழுகு பூச நேர்ந்தது. பழி முழுவதையும் புதிய ஊரின் குளிர்மேல் போட முடியாது. எகிப்தில் அது பல நூற்றாண்டு சாய்ந்து கிடந்தபோது மண்ணின் உப்பை உறிஞ்சியிருந்தது. ஈரக்காற்று பட்டதும் அந்த உப்பு வேலையைத் தொடங்கிற்று. பிராரின் சோதனையை இயற்கையே நடத்திக் காட்டியதாகக் கொள்ளலாம்.

பின்பு கான்கிரீட் வந்தது. ஒஹையோவின் பெல்ஃபோன்டேன் ஊரில் 1891-இல் பார்த்தலோமியு என்பவர் இட்ட கான்கிரீட் தெருத்தளமும், அதையடுத்து வந்த தளங்களும் ஒரு நூற்றாண்டைக் கடந்து நின்றன. ஆனால் எல்லாக் கான்கிரீட்டும் அப்படியன்று. குளிர் மாநிலங்களில் பல சாலைகள் மேற்புறம் பொரிந்து போயின. 1930-களின் பிற்பகுதியில் நியூயார்க் மாநிலத்தில் சில சாலைகள் மட்டும் கெடாதிருப்பதைக் கண்டார்கள். அவற்றின் சிமெண்டை அரைக்கையில் மாட்டுக் கொழுப்புச் சேர்த்திருந்தார்கள்! அது கலவைக்குள் எண்ணற்ற நுண்குமிழிகளைப் பிடித்து வைத்தது. உறையும் நீர் தள்ளும்போது ஒதுங்க இடம் கிடைத்தது. இதன் இயக்கத்தை 1945-இல் பவர்ஸ் விளக்கினார். குமிழிகளுக்கிடையே ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தொலைவு இருத்தலாகாது என்பது இன்றைய நடைமுறை அளவு. திண்மையாக இருப்பதே வலிமை என்று நினைத்திருந்த பொறியாளர்களுக்கு, காற்றைக் கலப்பது ஆயுளைக் கூட்டும் என்பது எளிதில் செரித்திராது.

செங்கல்லிலும் இதே கணக்கு. துளைகளில் 92 விழுக்காட்டுக்கு மேல் நீர் நிரம்பினால் விரிவதற்கு இடமில்லை. ஆகவே 24 மணி நேரம் குளிர்நீரில் ஊறிய எடையை, 5 மணி நேரம் கொதிநீரில் ஊறிய எடையால் வகுத்துப் பார்க்கிறார்கள். கடுங்குளிரில் தளம் பாவும் செங்கல்லுக்கு இந்த விகிதம் 0.78-ஐத் தாண்டக்கூடாது என்பது அமெரிக்கத் தரவிதி.

நமக்குப் பனி இல்லையே என்று தோன்றலாம். கல் விற்பவரும் அதையேதான் சொன்னார். ஆனால் எங்கள் வீடு கடற்கரை ஊரில். நிலத்தடி நீர் உவர். சுற்றுச்சுவரின் அடி வரிசைச் செங்கல் ஒவ்வொரு கோடையிலும் வெள்ளைப் பூ பூத்து, விரலால் தடவினால் பொடியாகக் கொட்டுகிறது. பிரார் கொதிக்க வைத்துச் செலுத்திய உப்பு இங்கே தானாகவே ஏறிவிடுகிறது. கான்கிரீட் ஜல்லிக்கு இந்தியத் தரநிலையம் 1963-இல் வகுத்த உறுதிச் சோதனையும் பிராரின் வழியிலேயே அமைந்ததுதான்: சோடியம் சல்பேட்டில் ஐந்து முறை நனைத்து உலர்த்தினால் எடை இழப்பு 12 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். மாதிரிக் கல்லை உடைத்து எங்கள் ஆய்வுக்கூடத்தில் இப்படி நனைத்துத் தொங்கவிட்டிருந்தேன். மூன்றாம் நாளே தட்டில் ஒரு பிடி மணல் கிடந்தது. அந்தக் கல்லை நான் வாங்கவில்லை.