இன்ஜினும் இல்லை, இரண்டாவது வாய்ப்பும் இல்லை: கிளைடர் பத்திரமாகத் தரையிறங்குவது எப்படி?

பயணிகள் விமானம் ஓடுபாதையை நெருங்கும்போது ஏதாவது சரியில்லை என்றால், விமானி இன்ஜின் வேகத்தைக் கூட்டி மேலே ஏறிவிடுவார். ஒரு சுற்று சுற்றி வந்து மறுபடியும் இறங்குவார். இதற்குப் பெயர் 'கோ அரவுண்ட்'. இன்ஜின் இல்லாத கிளைடருக்கு அந்த வசதி கிடையாது. இறங்க ஆரம்பித்தால் இறங்கித்தான் ஆகணும்.

இந்தியாவில் நடந்த விபத்துகள்

2020 அக்டோபர் 4: கொச்சி ஐஎன்எஸ் கருடா தளத்திலிருந்து பயிற்சிக்குக் கிளம்பிய கடற்படையின் பவர் கிளைடர், தோப்பும்படி பாலம் அருகே விழுந்தது. அதில் இருந்த கடற்படையினர் 2 பேரும் உயிரிழந்தனர்.

2023 மார்ச் 23: ஜார்க்கண்ட் மாநிலம் தன்பாத்தில், மேலே கிளம்பிய சிறிது நேரத்தில் ஒரு கிளைடர் வீட்டின் மீது மோதியது. விமானியும், ஜாலி ரைடு சென்ற 14 வயது சிறுவனும் காயமடைந்தனர். உள்ளே இருந்து எடுத்த வீடியோ நாடு முழுக்க வைரலானது.

இவை இரண்டுமே இன்ஜின் பொருத்திய கிளைடர்கள். தாழ்வான உயரத்தில் சிக்கல் வந்தால், இன்ஜின் இருந்தும் யோசிக்க நேரம் இருக்காது.

எவ்வளவு தூரம் மிதக்கும்?

நல்ல கிளைடர் 1 கி.மீ. உயரம் இறங்குவதற்குள் 30 முதல் 40 கி.மீ. தூரம் போகும். கோச்சடைக்கு மேலே 1 கி.மீ. உயரத்தில் இருந்தால், காற்று இல்லாத நாளில் கணக்குப்படி வாடிப்பட்டியைத் தாண்டிவிடலாம். ஆனால் எதிர்காற்று அடித்தாலோ, கீழ்நோக்கி இறங்கும் காற்றில் மாட்டினாலோ இந்தக் கணக்கு தப்பிவிடும். கையில் இருக்கும் உயரம்தான் கிளைடருக்குப் பெட்ரோல்.

சரி, எப்படி இறங்குவாங்க?

* முதலில் ஓடுபாதைக்குப் பக்கவாட்டில், காற்று போகும் திசையிலேயே பறப்பார்கள். காற்று, தரை, மற்ற விமானங்களைப் பார்த்துக்கொள்வது இங்கேதான்.
* பிறகு இரண்டு திருப்பங்கள். கடைசியில் காற்றை எதிர்த்து, ஓடுபாதைக்கு நேராக வருவார்கள்.
* இறக்கையில் இருக்கும் 'ஏர்பிரேக்' தகடுகளைப் பாதி திறந்து வைப்பார்கள். உயரம் அதிகமானால் இன்னும் திறக்கலாம், குறைந்தால் மூடலாம். இரண்டு பக்கமும் சரிசெய்ய இடம் இருக்கும்.
* வேகத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. இறக்கை பிடிப்பை இழக்கும் வேகத்தைப்போல ஒன்றரை மடங்கு, கூடவே எதிர்காற்றில் பாதி. உதாரணமாக அந்த வேகம் 64 கி.மீ., எதிர்காற்று 20 கி.மீ. என்றால், 96 + 10 = மணிக்கு 106 கி.மீ.

எங்கே தப்பு நடக்குது?

ஆபத்தான இடம் கடைசித் திருப்பம். உயரம் குறைந்துவிட்டது என்ற பதற்றத்தில் விமானி மூக்கை மேலே தூக்குவார். வேகம் குறையும். திருப்பத்தை முடிக்க ரட்டரை அதிகமாக மிதித்தால் ஒரு இறக்கை பிடிப்பை இழந்து, கிளைடர் சுழன்று விழும். அந்த உயரத்தில் மீள முடியாது. அதனால்தான் பயிற்சியாளர்கள் சொல்வது: உயரம் போனாலும் பரவாயில்லை, வேகத்தை விடாதே.

இழுவைக் கயிறு தாழ்வான உயரத்தில் அறுந்தாலும் இதே ஆபத்துதான். திரும்பி வர முயலாமல், முன்னால் இருக்கும் இடத்தில் நேராக இறங்குவதே பாதுகாப்பு.

வயலில் இறங்க வேண்டி வந்தால்?

மதுரைச் சமவெளி மேலிருந்து பார்க்கத் தட்டையாகத்தான் தெரியும். இறங்கும்போதுதான் வரப்பு, தென்னந்தோப்பு, கண்மாய்க்குள் கருவேல மரங்கள் எல்லாம் தெரியவரும். மின்கம்பி கண்ணுக்கே தெரியாது. கம்பங்களைப் பார்த்துத்தான் கம்பி போகும் வழியை ஊகிக்கணும். அதனால் உயரம் இருக்கும்போதே இடத்தைத் தேர்ந்தெடுத்துவிட வேண்டும், கடைசி நேரத்தில் மாற்றக்கூடாது.

பெரிய விமானத்துக்கும் இதே பாடம்

தரையிறக்கம் ஓடுபாதையில் தொடங்குவதில்லை. 1971 டிசம்பர் 9 அன்று மதுரைக்கு இறங்கிக்கொண்டிருந்த இந்தியன் ஏர்லைன்ஸ் ஆவ்ரோ விமானம், பார்வைத் தெளிவு குறைந்த நிலையில் சின்னமனூர் அருகே மலையில் மோதி 21 பேர் இறந்தனர்.

இதற்கு நேர்மாறாக, 1983 ஜூலை 23 அன்று ஏர் கனடா போயிங் 767 விமானம் நடுவானில் எரிபொருள் தீர்ந்து நின்றது. பவுண்டையும் கிலோவையும் குழப்பியதுதான் காரணம். கேப்டன் பாப் பியர்சன் கிளைடர் ஓட்டத் தெரிந்தவர். விமானத்தைப் பக்கவாட்டில் சாய்த்து உயரத்தைக் குறைத்து, கிம்லி என்ற இடத்தில் இருந்த பழைய விமானப்படை ஓடுபாதையில் இறக்கினார். 69 பேரும் பிழைத்தார்கள்.

ஜாலி ரைடு போறீங்களா? இதைக் கேளுங்க

* விமானிக்கும் கிளைடருக்கும் டிஜிசிஏ அனுமதி இருக்கிறதா?
* கிளம்பியதும் சிக்கல் வந்தால் எங்கே இறங்குவீர்கள்?
* இன்றைய காற்று நிலவரம் என்ன?

இரண்டாவது கேள்விக்கு உடனே பதில் வரவில்லை என்றால், ஏறாமல் இருப்பதே நல்லது.