லயத்து வாக்கும் சபைக் காசும்

உள்ளூராட்சியில் தொடங்கிச் சட்டமன்றத்தில் முடிவது தெற்காசிய அரசியலில் பழகிய பாதை. ராஜாஜி 1917இல் சேலம் நகரசபைத் தலைவர். இருபது ஆண்டு கழித்து, 1937இல், சென்னை மாகாணத்தின் பிரதமர். ரணசிங்க பிரேமதாச 1950களில் கொழும்பு மாநகர சபையில் கால் வைத்தவர். 1989இல் நாட்டின் ஜனாதிபதி. குப்பை வண்டி, குழாய்த்தண்ணீர், தெருவிளக்கு என்று சில்லறைக் கணக்கில் கைதேர்ந்த பின்பே பெரிய கணக்குக்குப் போகலாம் என்பது இந்தப் பாதையின் தர்க்கம். பதுளைக்கும் எல்லவுக்கும் இடையில், ரயில் தன் நிலையத்துக்கு அடியிலேயே வளைந்து நுழையும் தெமோதரையைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் இந்தப் பாதை ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு இருக்கவில்லை. இந்தப் பகுதி அடங்கும் ஊவா மாகாணத்தின் தோட்டத் தமிழர் நாடாளுமன்றத்துக்கு ஆள் அனுப்பியிருக்கிறார்கள், மாகாண சபைக்கும் அனுப்பியிருக்கிறார்கள். ஆனால் தங்கள் வாசலுக்கு முன்னால் ஓடும் சாக்கடையைப் பற்றித் தீர்மானிக்கும் சபையில் அவர்களுக்கு முதலில் வாக்கில்லை. வாக்கு வந்தபோது சபைக்குத் தோட்டத்தில் அதிகாரமில்லை. மலையக அரசியலின் தன்மையைத் தலைவர்களின் குணத்தைக் கொண்டு விளக்குகிறவர்கள் இந்த ஏற்பாட்டைக் கவனிப்பதில்லை. அந்த அரசியலை வடித்தது இதுதான் என்பது என் வாதம்.

ராஜாஜி பிரதமரான அதே 1937இல் இலங்கையின் கிராமச் சங்கச் சட்டம் திருத்தப்பட்டது. அதுவரை ஐரோப்பியர், பறங்கியர், இந்தியத் தொழிலாளர் மூவருமே கிராமச் சங்கங்களுக்கு வெளியே இருந்தனர். திருத்தம் முதல் இரு சாராரையும் உள்ளே எடுத்துக்கொண்டு, தோட்டத்தில் குடியிருக்கும் தொழிலாளரை மட்டும் வெளியிலேயே நிறுத்தியது. சேலம், திருச்சி போன்ற மாவட்டங்களிலிருந்து கப்பலேறியவர்களும் அவர்களின் பிள்ளைகளும்தாம் அவர்களில் பெரும்பாலோர். டொனமூர் அரசியலமைப்பின் கீழ் 1931 முதல் இதே தொழிலாளரில் பலர், வசிப்பிட நிபந்தனைகளை நிறைவேற்றி, அரசுக் கழகத்துக்கு வாக்களித்து வந்தார்கள் என்பதுதான் விசித்திரம். தீவு முழுவதற்கும் சட்டமியற்றும் சபைக்கு உறுப்பினரைத் தெரிவு செய்யத் தகுதியுள்ளவர், பக்கத்துக் கிராமத்து ஒற்றையடிப் பாதையைப் பற்றிப் பேசும் சங்கத்துக்குத் தகுதியற்றவரானார். தோட்டத் தொழிலாளி கிராம வரி செலுத்துவதில்லை, நிலையாகக் குடியிருப்பவர் அல்லர் என்பது அன்று சொல்லப்பட்ட நியாயம். கண்டியக் கிராமங்களின் மத்தியில் தோட்ட வாக்கு எண்ணிக்கையால் மேலோங்கிவிடும் என்ற அச்சமே அதற்கு அடியில் இருந்தது. அந்த அச்சத்தை முற்றிலும் ஆதாரமற்றது என்று தள்ள முடியாது. காணியைத் தோட்டத்துக்கு இழந்த கிராமத்தவரின் மனக்குறை உண்மையானது. ஆனால் அதற்கான விலை, காணியை எடுத்த கம்பனியிடம் அல்லாமல் அதில் கூலிக்கு நின்றவரிடம் வாங்கப்பட்டது.

மேல்படியில் மட்டும் ஏற இடமிருந்ததால் தோட்டத் தமிழர் அங்கேயே ஏறினார்கள், ஏணியாகத் தொழிற்சங்கத்தைப் பிடித்துக்கொண்டு. 1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. இரண்டு உறுப்பினரைத் தெரிவு செய்யும் பதுளைத் தொகுதியில் ஜே. சி. டி. கொத்தலாவலவோடு எஸ். எம். சுப்பையா தெரிவானார். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டமும் 1949இன் தேர்தல் திருத்தமும் அந்த வாசலையும் மூடின. 1952இல் அந்த ஏழில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. தொழிற்சங்கத் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமானால் 1960இல் நியமன உறுப்பினராகத்தான் மறுபடி உள்ளே போக முடிந்தது. வாக்குப் பெற்று உட்கார 1977 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

தொழிற்சங்கப் பாதை வலிமையான தலைவர்களைத் தந்ததே, உள்ளூராட்சி இல்லாததால் என்ன குறைந்துவிட்டது என்று கேட்கலாம். தொண்டமான் 1978 முதல் சாகும்வரை அமைச்சரவையில் இருந்தவர். நாடற்றவருக்குக் குடியுரிமை பெற்றுத் தந்த 1986, 1988 சட்டங்களின் பின்னால் அவருடைய பேரம் இருந்தது. இதில் எதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் தொழிற்சங்கம் கற்றுத் தருவது பேரம் பேசுவதை: எதிரே ஒரு முதலாளி, நடுவில் ஒரு சம்பளத் தொகை. பாதீடு போடுவதும், எந்தப் பாதை முதலில் என்று அயலவரோடு வாதாடி முடிவெடுப்பதும், செலவழித்ததற்குக் கணக்குக் காட்டுவதும் வேறு வித்தை. சங்கத்தில் தலைமை சந்தாவோடும் விசுவாசத்தோடும், பல வேளை குடும்பத்தோடும் போகும். ஊவாவிலேயே பார்க்கலாம். அண்மைக் காலத்தில் இங்கிருந்து அதிக உயரம் போன செந்தில் தொண்டமான் 2009இல் மாகாண சபைக்குத் தெரிவாகி, மாகாண அமைச்சராகி, 2023இல் கிழக்கு மாகாண ஆளுநரானார். உள்ளூராட்சி மட்டத்துப் பிரதேச சபை அந்தப் பயணத்தில் ஒரு நிறுத்தமாக இருக்கத் தேவையிருக்கவில்லை.

குடியுரிமை திரும்பியபோது பிரதேச சபைகளும் வந்தன. ஆனால் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபை நிதியைத் தோட்டத்துக்குள் செலவிட முடியாது என்று விளக்கம் சொல்ல இடம் கொடுத்தது. தோட்டம் கிராமமல்ல என்றார்கள். தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்து வாக்கில் வென்ற உறுப்பினர் சபையில் கை தூக்கலாம். தன்னைத் தெரிவு செய்த லயத்துக்கு ஒரு கல்வெர்ட் கட்ட முடியாது. அவர் ஒன்று தோட்டத்துரையிடம் போக வேண்டும், அல்லது நாடாளுமன்ற உறுப்பினரின் பன்முகப்படுத்தப்பட்ட நிதிக்குக் கடிதம் எழுத வேண்டும். ஆளக் கற்றுக்கொள்ள வேண்டிய இடத்தில் அவர் விண்ணப்பிக்கக் கற்றுக்கொண்டார். நாடாளுமன்ற உறுப்பினரோ சட்டமியற்றுவதை விட்டு, கூரைத் தகரம் பகிர்பவரானார்.

தோட்டம் தனியார் நிர்வாகம், பொதுப்பணத்தை அங்கே கொட்டுவதா என்ற ஆட்சேபம் நியாயம்போல் ஒலிக்கும். ஆனால் 1970களின் காணிச் சீர்திருத்தத்துக்குப் பின் அந்தக் காணி அரசுடையது. 1992 முதல் கம்பனிகள் குத்தகைக்காரர்களே. இந்தப் பொறுப்புக் குழப்பத்தின் மிகக் கொடிய விளைவு இதே பதுளை மாவட்டத்தில் தெரிந்தது. கொஸ்லந்தை மீரியாபெத்தையில் மண்சரிவு ஆபத்து உண்டென்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலேயே எச்சரித்திருந்தது. 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை சரிந்தபோது மக்கள் அந்த லயங்களிலேயே இருந்தார்கள். சபைக்கு அதிகாரம் இருந்திருந்தால் அவர்கள் தப்பியிருப்பார்கள் என்று சொல்ல மாட்டேன். இலங்கையில் அதிகாரமுள்ள சபைகளும் எச்சரிக்கைகளைக் கோப்பில் போட்டு மூடியதுண்டு. ஆனால் கோப்பைத் திறக்கச் சொல்லி மாதந்தோறும் கத்த வேண்டிய உறுப்பினருக்கு, அது உங்கள் வேலையல்ல என்ற பதில் சட்டத்திலேயே தயாராக இருந்தது.

2018இல் 33ஆம் பிரிவு திருத்தப்பட்டு, பிரதேச சபை தோட்டத்துக்குள்ளும் வேலை செய்யலாம் என்றானது. அத்தோடு பிரச்சினை தீர்ந்தது என்பவர்கள் அதே ஆண்டில் பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கென்று புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகார சபை ஒன்று தனிச் சட்டத்தால் அமைக்கப்பட்டதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரு கை சபைக்குள் அழைத்தது, மறு கை தனி வாசல் வைத்தது. கீழ்ப்படி திறந்த அடுத்த ஆண்டே நடுப்படி போய்விட்டது என்பது இன்னொன்று. 2014 செப்டெம்பரில் தெரிவான ஊவா மாகாண சபையின் காலம் 2019இல் முடிந்தது. அதன் பின் தேர்தல் இல்லை, மாகாணத்தை ஆளுநரே நடத்துகிறார். 2024 பொதுத் தேர்தலில் பதுளை மாவட்டத்திலிருந்து கிட்ணன் செல்வராஜும் அம்பிகா சாமுவேலும் நாடாளுமன்றம் போனார்கள். 2025 மே உள்ளூராட்சித் தேர்தலில் தெரிவான உறுப்பினர்களிடம் இப்போது தோட்டத்துக்குள் செலவிடும் சட்ட உரிமை இருக்கிறது. அதைத் திறமையாகச் செய்து காட்டும் ஒருவர் அடுத்துப் போட்டியிட வேண்டிய சபைக்குத்தான் தேர்தல் நாள் குறிக்கப்படவில்லை.