தாமிரபரணி யாருடைய ஆறு?

தாமிரபரணி என்றால் அகத்தியர், பொருநை, கரைநெடுகக் கோயில்கள். தலபுராணக்காரனுக்கு ஆறு இதோடு முடிந்துவிடுகிறது. எங்க சனத்துக்கு அது வேறு ஆறு.

பொதிகையில் பிறந்து, பாபநாசத்தில் தரையிறங்கி, அம்பாசமுத்திரம், திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம் என்று சுமார் 128 கிலோமீட்டர் ஓடிப் புன்னக்காயலில் கடல் சேர்கிறது. குறுக்கே 8 அணைக்கட்டுகள். கடைசியான ஸ்ரீவைகுண்டம்தான் வெள்ளைக்காரன் கட்டியது; மற்ற ஏழும் அவனுக்கு முந்தியவை. வாய்க்கால்வழி போன தண்ணீர் பெரும்பாலும் பிராமண, வேளாள நிலங்களுக்குப் பாய்ந்தது. அந்தச் சேற்றில் இறங்கி நட்டவர்கள் நம் ஆட்கள்.

பாபநாசத்துக்கு மேலே, காரையாறு பக்கம் சொரிமுத்தய்யனார் கோயில். அங்கே பட்டவராயனாக நிற்பவன் முத்துப்பட்டன். பிராமணன். மாடு மேய்த்த பொம்மக்கா, திம்மக்கா மேல் ஆசைப்பட்டான். அவர்கள் அப்பன் வாலப்பகடை அருந்ததியர். 'எங்க தொழிலைச் செஞ்சாத்தான் பொண்ணு' என்றான். பட்டன் பூணூலை அறுத்தான், குடுமியை எடுத்தான், செருப்புத் தைத்தான். கல்யாண ராத்திரியே மாடு களவாட வந்தவர்களோடு சண்டைபோட்டுச் செத்தான். பெண்கள் இருவரும் தீயில் இறங்கினார்கள்.

வில்லுப்பாட்டில் வாழ்ந்த இக்கதையை நா. வானமாமலை 1971இல் பதிப்பித்தார். பிந்திய பாடங்களில் ஒரு திருத்தம் உண்டு: அந்தப் பெண்கள் பிராமணக் குழந்தைகளாம், வாலப்பகடை எடுத்து வளர்த்தானாம்! சாதி மீறலைத் தாங்க முடியாதவர்கள் செய்த ஒட்டுவேலை இது என்கிறேன் நான். ஆனால் இன்றைக்கும் பட்டவராயனுக்குக் காணிக்கை தோல் செருப்புதான். 'சாமி ராத்திரி போட்டுக்கிட்டு காட்டைச் சுத்துது, அதான் தேயுது' என்கிறார்கள் சனங்கள். செருப்பை மட்டும் எவனாலும் திருத்த முடியவில்லை.

அதே மலைத்தொடரில் மாஞ்சோலை. 1929இல் சிங்கம்பட்டி ஜமீன் 99 வருசக் குத்தகைக்குக் கொடுத்த காடு. அதைத் தேயிலைத் தோட்டமாக்கிய கூலிகளில் பெரும்பாலோர் தலித்துகள். மணிமுத்தாறாக இறங்கித் தாமிரபரணியில் கலப்பது அந்த மலைத் தண்ணீர்தான். 1999 ஜூலை 23 அன்று, கூலி உயர்வு கேட்டுச் சிறையிலிருந்த தோட்டத் தொழிலாளர்களை விடுதலை செய்யக் கோரித் திருநெல்வேலியில் ஊர்வலம் போனது. கலெக்டர் அலுவலகத்துக்கருகே போலீஸ் தடியடி. ஆற்றுக்குள் விரட்டப்பட்டு 17 பேர் செத்தார்கள். அதில் ஒன்றரை வயதுக் குழந்தையும் ஒன்று.

தண்ணீரில் மூழ்கிச் செத்தார்கள் என்றே அரசுத் தரப்பு பேசியது. தண்ணீருக்குள் விரட்டியது யார்? பொம்மக்காவின் பிறப்பைத் திருத்திய அதே கைதான் இந்தச் சாவின் காரணத்தையும் திருத்துகிறது.

2024இல் தோட்டத்தை மூடி, தொழிலாளர்களைக் கீழே இறங்கச் சொன்னார்கள். காடு மீளட்டும், ஆனால் நாலு தலைமுறை உழைத்தவனுக்கு அந்த மலையில் பேர் உண்டா? வருசாவருசம் ஜூலை 23இல் ஆற்றில் மலர் தூவுகிறோம். அது போதாது. பட்டன் கதையைப் பாடியதுபோல இந்தப் 17 பேர் கதையையும் நாமே பாட வேண்டும். விட்டுவைத்தால் வேறொருவன் திருத்தி எழுதிவிடுவான்.